தாஹிரா கேட்ட கேள்வி

தண்டையார்பேட்டையில் அந்தச் சந்துக்குள் நுழைந்து தாஹிரா வீடு எது என்று கேட்டால் யாரும் கை காட்டிவிடுவார்கள். தாஹிராவுக்கு என்ன வேலை என்று கேட்டால்தான் ஆளுக்கொன்று சொல்வார்கள். "மருந்து கம்பெனி" என்று அவள் பொதுவாகச் சொல்லி வைத்திருந்தாள். அது பொய்யில்லை. மாத்தூரில் இருக்கும் அந்த லேபில் மருந்துகளையும் பூச்சிக்கொல்லிகளையும் கடைக்கு அனுப்பும் முன் வெள்ளெலிகளுக்குக் கொடுத்துப் பார்ப்பார்கள். கொடுத்து முடித்த பிறகு எலிகளை அறுத்து, உள்ளே எது வீங்கியிருக்கிறது, எது கெட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். அந்த அறுக்கிற வேலைதான் தாஹிராவுக்கு. இதைச் சந்தில் சொன்னால் ரமலானில் அவள் கொடுத்தனுப்பும் கஞ்சியை யார் கையால் தொடுவார்கள்? அதனால் மருந்து கம்பெனி.

வெளியே சொல்ல வெட்கப்பட்டாளே தவிர, உள்ளுக்குள் அவளுக்கு அந்த வேலையில் பெருமை. பெருமை என்று மரியாதைக்குச் சொல்கிறேன், திமிர் என்றே சொல்லலாம். கடுகளவு கட்டி இருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. ஒரு பக்கம் சிறுநீரகமே இல்லாமல் பிறந்த எலி, ஈரலில் ஒரு துண்டு நெஞ்சுக்குள் ஏறிப்போய் உட்கார்ந்திருந்த எலி, மண்டைக்குள் தண்ணீர் கோத்த எலி எல்லாவற்றையும் பார்த்தவள். மருந்தே கொடுக்காத எலிகளிலும் இந்த மாதிரி கிடைக்கும். கொடுத்த மருந்தால் வந்ததா, பிறவியிலேயே வந்ததா என்று பிரித்துச் சொல்வது டாக்டர் கார்குழலியின் பொறுப்பு. ஆனால் முதலில் கண்ணில் படுவது தாஹிராவுக்குத்தான். "தாஹிரா பார்த்துட்டாங்கன்னா நான் ரெண்டாவது தடவை பார்க்க வேண்டியதில்லை" என்று அந்த அம்மாள் ஒருமுறை எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். அதற்கப்புறம் கேட்கவா வேண்டும், தாஹிரா தரையில் நடக்கவில்லை.

இவ்வளவு கூர்மையான கண் வீட்டில் என்ன பார்த்துக்கொண்டிருந்தது என்பதுதான் கதை.

கணவன் லியாகத் அலி டிரெய்லர் ஓட்டுகிறவன். கன்டெய்னரை ஏற்றிக்கொண்டு எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் துறைமுக கேட்டுக்கு வரிசையில் நின்றானென்றால், வண்டியிலேயே தூங்கி வண்டியிலேயே சாப்பிட்டு எப்போது வருவான் என்று அவனுக்கே தெரியாது. ஒரே மகள் சைமா, பதினொன்றாம் வகுப்பு. அமைதியான பெண். கூடப் படித்த பெண்களெல்லாம் எப்போதோ பெரிய மனுஷி ஆகிவிட்டார்கள். சைமா மட்டும் இன்னும் ஆகவில்லை. கல்யாண வீடுகளில் சொந்தக்காரப் பெண்கள் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இன்னாடி, இன்னும் உக்காரலியா?" என்று கேட்கும்போது தாஹிராவுக்கு முகம் சுருங்கிவிடும். "பத்தாவது டென்ஷன்ல தள்ளிப் போவுது" என்பாள். பத்தாவது முடிந்தது. பதினொன்றும் வந்தது. டென்ஷனைத்தான் இன்னும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சைமாவுக்கு அவ்வப்போது வயிறு வலிக்கும். வலி வந்தால் சுருண்டு படுத்துக்கொள்வாள், சில நேரம் வாந்தியும் எடுப்பாள். "ரோட்ல விக்கிற காலிஃபிளவரத் துன்னாக்கா வலிக்காம இன்னா பண்ணும்" என்று திட்டிக்கொண்டே தாஹிரா ஓமத்தண்ணீர் கொடுப்பாள். ரெண்டு நாளில் வலி நின்றுவிடும். மறுபடி வரும். மாசத்துக்கு ஒரு முறை வருகிறது என்பதை யாரும் கவனிக்கவில்லை. கவனிக்க வேண்டியவள் காலை ஷிப்டுக்குப் பஸ் பிடிக்க ஓடிக்கொண்டிருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தண்ணி லாரி வந்தது. சைமா குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தபோது கமீஸ் வயிற்றோடு ஒட்டியது. மேலே ஜன்னலில் நின்றிருந்த தாஹிராவின் கண்ணில் அது பட்டது. ஒல்லிப் பெண்ணுக்கு அடிவயிறு மட்டும் உருண்டையாக, தனியாகத் தெரிந்தது. எலி விஷயத்தில் ஆயிரம் காரணம் யோசிக்கிறவளுக்கு, மகள் விஷயத்தில் ஒரே காரணம்தான் தோன்றியது.

சைமா மேலே வந்து குடத்தை இறக்கி வைப்பதற்குள் கதவைச் சாத்திவிட்டாள்.

"யாருடி?"

"இன்னாம்மா யாரு?"

"நடிக்காத. யாருன்னு கேக்கறேன்ல."

சைமாவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் முகமெல்லாம் வெளுத்துப்போனது. "அம்மா, நான் இன்னும் வயசுக்கே வரலம்மா" என்றாள், அவ்வளவு மெதுவாக.

"அத்த நீதான சொல்ற. வந்தத மறைச்சுட்டியோ இன்னாவோ, எனக்கெப்டித் தெரியும்? நான் காலையில போய் சாய்ங்காலம் வர்றவ."

சைமா அம்மாவின் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தாள். அப்படி ஒரு சத்தியத்தை அந்த வீட்டில் யாரும் செய்ததில்லை. தாஹிரா அந்தக் கையைத் தட்டிவிட்டாள். "பொய் சத்தியம் பண்ணி என்னிய சாவடிக்கப் பாக்கறியா?" என்று கேட்டாள். வாய் கூசவே இல்லை அவளுக்கு. பிற்பாடு அந்த வார்த்தையை நினைக்கும்போதெல்லாம் பாத்திரம் தேய்க்கிற இடத்தில் தேய்த்த பாத்திரத்தையே மறுபடி தேய்த்துக்கொண்டு நிற்பாள். அன்றைக்கோ, நியாயம் தன் பக்கம் என்று மூச்சு வாங்க நின்றுகொண்டிருந்தாள்.

செல்போனைப் பிடுங்கி நோண்டினாள். வகுப்புத் தோழிகளின் குரூப்பும், மருதாணி டிசைன் படங்களும், ஒரு பூனை வீடியோவும் இருந்தன. ஒன்றும் இல்லாததே சந்தேகத்தைக் கூட்டியது. அழித்துவிட்டாள் என்று முடிவு கட்டினாள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகலாம் என்ற யோசனை வந்தது. அங்கே வாசலில் தெரிந்தவர் யாராவது நின்றிருந்தால்? அந்த யோசனையை விட்டாள். கரு கலையும் என்று கேள்விப்பட்டதை நம்பி எள்ளையும் கருப்பட்டியையும் இடித்துக் காய்ச்சி, "குடி" என்று நீட்டினாள். எதற்கு என்று சைமா கேட்கவில்லை. வாங்கிக் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைத்தாள். அவள் ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தாஹிராவுக்குக் கொஞ்சமாவது உறைத்திருக்கும்.

இதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினாளா? சைமாவின் தோழி உஸ்மா எதிர்வீட்டுப் பெண். அவளை மாடிப்படியில் மடக்கினாள்.

"ஏம்மா உஸ்மா, சைமா யார்கூடயாவது பேசிக்கினு கீறாளா? மறைக்காம சொல்லு. அவ ஒடம்பு விசயம்."

"ஒடம்பு விசயம்" என்றதும் அந்தப் பெண்ணின் கண் சட்டென்று விரிந்தது. "எனக்குத் தெரியாது ஆண்ட்டி" என்று சொல்லிவிட்டு இரண்டிரண்டு படியாக இறங்கிப் போனாள். அன்றிலிருந்து அவள் சைமாவைக் கூப்பிட வரவில்லை. இருவரும் சேர்ந்தே போய்க்கொண்டிருந்த பள்ளிக்கூடத்துக்கு சைமா தனியாகப் போகத் தொடங்கினாள். ஏன் என்று சைமாவுக்குத் தெரியவில்லை. தெரிந்த தாஹிரா வாயைத் திறக்கவில்லை.

இப்படி ஒரு வாரம் போனது. வீட்டில் இரண்டு பேரும் சாப்பாட்டுக்கு மட்டும் பேசிக்கொண்டார்கள். அந்த நிலையில்தான் ஒரு நாள் லேபில், எலி அறை பார்த்துக்கொள்ளும் ஹென்றி, தாஹிரா கையுறை மாட்டும்போதே ஓடி வந்தான்.

"அக்கா, ஒரு கூண்டுல பொட்ட எலி ஒண்ணு மாசமா கீது. ஆனா அதுல கீறது எல்லாமே பொட்டைங்கதான். நான் பாத்துத்தான் பிரிச்சேன். மேடம் வந்தா என்னியப் புடிச்சுக்குவாங்க."

பெட்டைகளும் ஆண்களும் வந்து இறங்கியதுமே பிரித்துத் தனித்தனிக் கூண்டில் விட்டுவிடுவார்கள். பெட்டைக் கூண்டில் ஒன்றுக்கு வயிறு பெருத்தால், பிரித்தவன் தலை உருளும். "எவனையோ உள்ள வுட்டுட்டு இப்ப வந்து சொல்ற" என்று தாஹிராவும் அவன்மேல் எரிந்து விழுந்தாள். கூண்டைத் திறந்து, ஒவ்வொரு எலியாக வாலைப் பிடித்துத் தூக்கி வயிற்றுப் பக்கம் திருப்பிப் பார்த்தாள். ஆண் இல்லை. எல்லாம் பெட்டைதான். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மருந்தே கொடுக்காமல் வைத்திருந்த கூண்டு அது.

அன்றைக்கு அறுக்க வேண்டிய எலிகளில் வயிறு பெருத்த அந்த எலியும் ஒன்று. மேசையில் வைத்துத் திறந்தாள். குட்டிகள் இல்லை. நூல் மாதிரி மெலிந்து இருக்க வேண்டிய கருப்பை தண்ணீர் கோத்துப் பலூன் மாதிரி உப்பி, குடலையெல்லாம் ஓரத்துக்குத் தள்ளியிருந்தது. பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்த டாக்டர் கார்குழலி, "பொறப்புலயே வெளிய வர்ற வழி அடைஞ்சிருக்கு. அதான் எல்லாம் உள்ளயே தேங்கிடுச்சு. மருந்துக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. ஹென்றிமேலயும் தப்பு இல்ல, அவர விடுங்க" என்றார்.

தாஹிராவுக்கு இது புதிதில்லை. முன்பும் இப்படிப் பார்த்திருக்கிறாள். வேலைக்குப் புதிதாக வந்த பெண்களுக்கு, "வயிறு பெருசா இருந்தாக்கா ஆணத் தேடிக்கினு நிக்காத, மொதல்ல வழி தொறந்து கீதான்னு பாரு" என்று பாடம் எடுத்தவளே அவள்தான். இன்றைக்கு அவளே அதை மறந்து கூண்டில் ஆணைத் தேடியிருந்தாள். ஏன் மறந்தது என்று யோசித்தவளுக்கு, ஒரு வாரமாக வீட்டிலும் ஆணைத்தான் தேடிக்கொண்டிருக்கிறோம் என்பது உறைத்தது.

கையில் இருந்த இடுக்கியைத் தட்டில் வைத்தாள்.

"மேடம், பொண்ணுங்களுக்கும் இந்த மாதிரி வருமா?"

"வரும் தாஹிரா. ரொம்ப அபூர்வம்னு சொல்ல முடியாது. வயசுக்கு வந்திருப்பாங்க, ஆனா வெளிய ஒண்ணும் தெரியாது. மாசா மாசம் வயித்து வலி மட்டும் வரும். போகப் போக வயிறு பெருசாகும். ஏன், யாருக்காவது இருக்கா?"

இங்கேயாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். "பக்கத்து வூட்டுப் பொண்ணு" என்றாள்.

"உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க. சின்ன ஆபரேஷன்தான். பாவம், எத்தனை மாசமா துடிச்சிருக்கோ. கூடவே இருக்கிற அம்மாவுக்கா தெரியல?"

தாஹிரா "சொல்றேன் மேடம்" என்றாள். குனிந்த தலையை நிமிர்த்தவே முடியவில்லை. பெற்ற மகளை அந்நிய வீட்டுப் பெண்ணாக்கிவிட்டு, அந்தப் பெண்ணின் அம்மாவுக்கு விழுந்த திட்டையும் தானே வாங்கிக்கொண்டு நின்றாள். அரை நாள் லீவு கேட்டு வெளியே வந்தாள். மணலி ரோட்டில் டேங்கர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றிருந்தன, ஷேர் ஆட்டோ நகரவே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள், "இன்னாம்மா, ஒடம்பு சரியில்லியா?" என்று கேட்டாள். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு இல்லை என்று தலையாட்டினாள்.

சைமாவை நேரே பள்ளிக்கூடத்திலிருந்தே ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போனாள். எங்கே, எதற்கு என்று சொல்லத் தைரியம் இல்லை. பெண்கள் வார்டு போர்டைப் பார்த்ததும் சைமா வாசலிலேயே நின்றுவிட்டாள். "டெஸ்ட் பண்ணப் போறியா?" என்றாள். என்ன டெஸ்ட் என்று இருவருக்கும் தெரியும். "இல்லடி, ஒன் வயித்து வலிக்குத்தான்" என்று தாஹிரா சொன்னதை அவள் நம்பவில்லை. நம்பாமலேதான் உள்ளே வந்தாள்.

ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். டாக்டர் கார்குழலி சொன்னதேதான். பிறவியிலேயே மெல்லிய தோல் ஒன்று வழியை அடைத்திருந்தது. மாதாமாதம் வர வேண்டியதெல்லாம் உள்ளேயே தங்கியிருந்தது. ஆஸ்பத்திரி டாக்டர் சைமாவிடம், "எவ்வளவு நாளா வலி?" என்று கேட்டார்.

"ஒரு வருசத்துக்கு மேல."

"அம்மாகிட்ட சொல்லலியா நீ?"

"சொன்னேன்" என்றாள் சைமா. டாக்டர் தாஹிராவைத் திரும்பிப் பார்த்தார். தாஹிரா சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசிப் படத்தைப் படிக்கிற மாதிரி நின்றாள்.

ஆபரேஷன் சீக்கிரமே முடிந்தது. லியாகத் அலி டிரெய்லரை வேறொருவனிடம் கொடுத்துவிட்டு, கிரீஸ் படிந்த சட்டையோடு வந்து சேர்ந்தான். மகளைப் பார்த்ததும் அழுதுவிட்டான். அவனுக்குத் தெரிந்தது வயிற்றுக் கோளாறு மட்டும்தான். மற்றதைத் தாஹிரா சொல்லவில்லை, சைமாவும் சொல்லவில்லை. பக்கத்துக் கட்டில்காரர்களிடமெல்லாம் அவன் பெருமையாகச் சொன்னான்: "எங்க வூட்டம்மா லேப்ல வேல செய்யறாங்க. அவங்க கண்ணுக்கு எதுவும் தப்பாது. டாக்டருக்கு முன்னால அவங்கதான் கண்டுபுடிச்சாங்க. வேற பொம்பளையா இருந்தா கண்டதையும் நெனச்சுப் பொண்ணப் போட்டு அடிச்சிருப்பா."

சைமா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். தாஹிராவுக்கு அந்தப் புகழ்ச்சியைக் கேட்டுக்கொண்டு நிற்பதைவிட நாலு பேர் முன்னால் செருப்படி வாங்கியிருக்கலாம் போலிருந்தது. இல்லைங்க, நானும் அந்த வேற பொம்பளைதான் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. வெளியே வரவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு மத்தியானம் சைமாவின் காலைப் பிடித்துவிட உட்கார்ந்தாள். சைமா காலை மடக்கிக்கொண்டாள்.

"தப்பு பண்ட்டேன் சைமா. என்னிய மன்னிச்சுடு."

சைமா போர்வையை இழுத்துக் காலை மூடிக்கொண்டு, "உஸ்மா போனே எடுக்க மாட்டேங்கறாம்மா. நான் ஆஸ்பத்திரியில இருந்தப்பகூட வந்து பாக்கல. அவளுக்கு நான் இன்னா பண்ணேன்?" என்று கேட்டாள்.

அப்போதுதான் தாஹிரா மாடிப்படியில் கேட்டதைச் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் சைமா எழுந்து உட்கார்ந்துவிட்டாள். முதல் தடவையாக அவள் குரல் உயர்ந்தது.

"அவகிட்ட போய் கேட்டியா? போ. நீதான கேட்ட, நீயே போய் சொல்லு."

தாஹிரா எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள். உஸ்மாவின் அம்மா தங்கமான பெண்மணி, சண்டை சச்சரவு தெரியாதவள். உட்காரவைத்து டீ கொடுத்தாள். உஸ்மா எட்டிப் பார்த்துவிட்டு உள் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தாஹிரா எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னாள். பிறவிக் குறை, மூடியிருந்த வழி, வயிறு வீங்கியது, தான் தப்பாக நினைத்தது, ஆபரேஷன் எதையும் விடவில்லை. மகளின் உடம்பைப் பற்றி இன்னொரு வீட்டில் உட்கார்ந்து இவ்வளவு பேச வேண்டியிருக்கிறதே என்று காது மடல் வரை சூடாகியது. தானே இழுத்துக்கொண்டது என்பதால் நிறுத்தாமல் சொன்னாள். உஸ்மாவின் அம்மா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். எல்லாம் முடிந்ததும் தாஹிராவின் கையை ஆதரவாகப் பிடித்துக்கொண்டாள்.

"வுடுங்கக்கா. நானும் பொம்பளப் புள்ள வெச்சிருக்கறவதான். நல்லவேள, சீக்கிரமே பாத்துக்கினு போய் சுத்தம் பண்ட்டீங்க. நான் யார்கிட்டயும் வாயத் தொறக்க மாட்டேன். புள்ளயத் திட்டாதீங்க, வயசு அப்பிடி."

"ஐயோ, அது இல்லம்மா. நான் சொன்னது நெசம். டாக்டர வேணா கேளு."

"நெசந்தான்க்கா. நான் நம்பறேன். வெளிய கேட்டா நானும் இப்பிடியே சொல்லிடறேன்."

தாஹிரா இன்னும் இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். சொல்லச் சொல்ல அந்தப் பெண்மணியின் பார்வையில் இரக்கம்தான் கூடியது. முதலில் போய் "ஒடம்பு விசயம்" என்று கேட்டுவிட்டு, பிறகு ஆஸ்பத்திரியில் படுக்கவைத்துவிட்டு, வயிறு வற்றிய மகளோடு திரும்பி வந்து புதுக் கதை சொல்கிற அம்மாவை யார்தான் நம்புவார்கள்? அவள் இடத்தில் இருந்தால் தாஹிராவும் நம்பியிருக்க மாட்டாள். கூனிக் குறுகி எழுந்து வந்தாள்.

சைமா கதவருகிலேயே நின்றுகொண்டிருந்தாள். "இன்னா சொன்னாங்க? நம்புனாங்களா?"

நம்பிவிட்டார்கள் என்று சொல்லிவிடத்தான் தாஹிராவுக்கு ஆசை. அந்தப் பொய்யைச் சொல்ல இந்த முறை நாக்கு எழவில்லை. இல்லை என்று தலையாட்டினாள்.

சைமா எதிர்வீட்டுக் கதவைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள்.

"பெத்தவ நீயே நம்பல. அவங்க எப்படிம்மா நம்புவாங்க?"

கோபமாகக் கேட்டிருந்தாலாவது தாங்கிக்கொண்டிருப்பாள். தெரியாததைக் கேட்டுத் தெரிந்துகொள்கிற பிள்ளை மாதிரிதான் சைமா கேட்டாள், பதிலுக்காக நின்றுகொண்டும் இருந்தாள்.